ஸ்வரம் எழுதத் தெரியாது, ஆஸ்கர் இரண்டு: இந்த இசையமைப்பாளரைத் தெரியுமா?

இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. யாராவது எழுதிக் கொடுத்தால் படிக்கவும் தெரியாது. ஆனாலும் சிறந்த பின்னணி இசைக்கான ஆஸ்கர் விருதை அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் வாங்கினார் ஒருவர்! அதோடு நின்றாரா? அறுபதைத் தாண்டிய வயதில் ஒரு வீடியோ கேமுக்கு இசையமைத்தார். அந்த இசை கேட்டதும் கண் கலங்குகிறவர்கள் இன்று உலகம் முழுக்க இருக்கிறார்கள். இப்படி ஒருவர் நம் காலத்தில் வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்பது தெரியுமா?

பெயர் குஸ்தாவோ சாந்தாவோலாயா. அர்ஜென்டினாக்காரர். 1951 ஆகஸ்ட் 19 அன்று, தலைநகர் புவனஸ் அயர்ஸை ஒட்டியுள்ள எல் பலோமாரில் பிறந்தார். பாட்டி கையில் ஒரு கிதாரைக் கொடுத்தபோது வயது ஐந்து. வீட்டில் ஒரு வாத்தியாரை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வாத்தியார் என்ன செய்தார் தெரியுமா? சில வருடங்களில் பையனின் அம்மாவிடம் வந்து, இனி என்னால் முடியாது என்று கும்பிடு போட்டுவிட்டார்! தான் சொல்லித்தரும் இசையைவிட இவன் காது பலமாக இருக்கிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கவேண்டியதை, ஒருமுறை காதில் வாங்கிக்கொண்டு அப்படியே வாசித்துவிடுகிற பிள்ளைக்கு எதைத்தான் சொல்லித்தருவது? அன்றைக்கு மூடிய நோட்டுப் புத்தகம் மூடியதுதான். இன்றுவரை அவர் திறக்கவே இல்லை.

இதற்குள் ஆச்சரியப்பட்டுவிடாதீர்கள், இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம்.

பதினாறு வயதில், 1967-ல், 'ஆர்கோ ஐரிஸ்' என்ற ராக் இசைக்குழுவைத் தொடங்கினார். பீட்டில்ஸ் காய்ச்சல் உலகத்தையே ஆட்டிக்கொண்டிருந்த நேரம் அது. இந்தப் பையன்களும் பீட்டில்ஸ் பித்தர்கள்தான். ஆனால் ஆங்கிலத்தில் பாடமாட்டோம், ஸ்பானிஷில்தான் பாடுவோம் என்றார்கள். எலெக்ட்ரிக் கிதாரோடு ஆண்டிஸ் மலைவாசிகளின் தாளங்களையும் குழலையும் சேர்த்துக்கொண்டார்கள். ராக் இசை என்றால் போதை, கூத்து என்றுதானே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது? இந்தக் குழுவினர் ஒரே வீட்டில், கிட்டத்தட்ட ஆசிரமம் போல வாழ்ந்தார்கள். மது கிடையாது, போதை கிடையாது, இறைச்சி கிடையாது. பிரம்மச்சரியம் உண்டு. யோகாசனம் உண்டு! தானா என்ற பெண்மணி அவர்களுக்கு ஆன்மிக வழிகாட்டியாக இருந்தார். தலைமுடியைத் தோள்வரை வளர்த்துக்கொண்டு, கிதாரோடு தெருவில் நடக்கும் இருபது வயது இளைஞன் வீட்டுக்குள் ஒரு துறவியாக இருந்திருக்கிறான்!

ஆனால் அந்தத் தலைமுடி சும்மா விடவில்லை. அர்ஜென்டினாவில் ராணுவம் மாறி மாறி ஆட்சியைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. நீளமான முடியும் கையில் கிதாரும் இருந்தால் அதுவே குற்றம். சாந்தாவோலாயாவைப் போலீஸ் பலமுறை பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. 1976 மார்ச் 24 அன்று ராணுவம் மறுபடியும் ஆட்சியைக் கைப்பற்றியபோது நிலைமை பயங்கரமானது. அடுத்த ஏழு ஆண்டுகளில் காணாமல் போனவர்கள் முப்பதாயிரம் பேர் என்று மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. மாணவர்கள், தொழிற்சங்கத்தினர், எழுத்தாளர்கள் எனப் பலரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். 1978-ல் சாந்தாவோலாயா ஊரை விட்டே கிளம்பி லாஸ் ஏஞ்சலிஸ் போய்ச் சேர்ந்தார். சொந்த ஊரில் பேர் தெரிந்த பாடகர், போன ஊரில் யாரோ ஒருவர்!

அங்கே தன்னைப் போலவே அர்ஜென்டினாவிலிருந்து வந்த அனிபால் கெர்பெல் என்ற கீபோர்டு கலைஞரோடு சேர்ந்து, 'வெட் பிக்னிக்' என்று ஒரு குழு நடத்தினார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கெர்பெலின் நட்பு நிலைத்தது. பின்னாளில் இந்த இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை லத்தீன் அமெரிக்க இசையையே திருப்பிப் போட்டது.

5,000 கிலோமீட்டர் ஒலிப்பதிவு!

வாழ்க்கையில் ஒருவர் செய்த ஏதோ ஒரு காரியம் மற்ற எல்லாவற்றுக்கும் விதையாக இருக்கும். சாந்தாவோலாயாவுக்கு அது இதுதான் என்று அடித்துச் சொல்வேன். லியோன் ஹியேகோ என்ற பாடகர் அவருடைய நண்பர், இவரைப் போலவே 1951-ல் பிறந்தவர். ஹியேகோவின் முதல் ஆல்பத்தை 1973-ல் தயாரித்தது நம் ஆள்தான், அப்போது அவருக்கு இருபத்தொன்றோ இருபத்திரண்டோதான் வயது. எண்பதுகளில் இருவரும் சேர்ந்து ஒரு பைத்தியக்காரத் திட்டம் போட்டார்கள். நாட்டின் தென்கோடியில் கிட்டத்தட்ட அண்டார்டிகாவை எட்டிப் பார்க்கிற உஷுவாயா நகரம். வடகோடியில் பொலிவியா எல்லையில் லா கியாக்கா. இரண்டுக்கும் இடையே சாலை வழியாக 5,000 கிலோமீட்டருக்கு மேல்! இந்த நீளம் முழுக்கப் போய், ஊர் ஊராகக் கிராமியக் கலைஞர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் இருக்கும் இடத்திலேயே பாடவைத்துப் பதிவு செய்வது என்பதுதான் திட்டம்.

பாடகர்களை ஸ்டுடியோவுக்கு அழைக்கவில்லை, ஸ்டுடியோவையே அவர்களிடம் கொண்டுபோனார்கள்! சாந்தியாகோ தெல் எஸ்தேரோ மாகாணத்தில் கெச்சுவா மொழியைக் காப்பாற்றப் பாடுபட்ட வயலின் கலைஞர் சிக்ஸ்தோ பலாவெசினோ போன்றவர்கள் அதில் இடம்பெற்றார்கள். 1985-ல் அந்த ஆல்பம் வெளிவந்தபோது, அதுவரை தலைநகரத்து ராக் ரசிகர்கள் காதிலேயே வாங்காத குரல்கள் முதல்முறையாக அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தன.

வெட்டவெளியில் வாசித்தால் ஒரு வாத்தியம் எப்படி ஒலிக்கும், மண்சுவருக்குள் எப்படி ஒலிக்கும், காற்று குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்தப் பயணத்தில் அவர் காதில் தங்கிவிட்டன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கால் நூற்றாண்டு கழித்து ஒரு சமையலறையில் இது திரும்ப வரப்போகிறது!

பத்து தந்தி, பதின்மூன்று வருடம்

சராங்கோ என்ற வாத்தியத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஆண்டிஸ் மலைப்பகுதியின் குட்டி கிதார். அதன் முதுகுப்பக்கத்தை அந்தக் காலத்தில் எதில் செய்தார்கள் தெரியுமா? ஆர்மடில்லோ என்ற விலங்கின் ஓட்டில்! அந்தச் சராங்கோவுக்கு அண்ணன் முறையில் ஒரு வாத்தியம் உண்டு, பெயர் ரொன்ரோகோ. உடம்பு கொஞ்சம் பெரிது, குரல் கொஞ்சம் கனம். இதிலும் பத்து தந்திகள், ஜோடி ஜோடியாக ஐந்து வரிசை. பொலிவியாவின் 'லாஸ் கார்க்காஸ்' குழுவினர் பிரபலப்படுத்திய வாத்தியம் இது.

ஒரு வரிசையைச் சுண்டினால் இரண்டு தந்தியும் சேர்ந்து ஒலிக்கும். ஆனால் இரண்டும் மயிரிழை அளவு முன்பின்னாக அதிரும். அதனால் ஒலி ஓர் இடத்தில் நிற்காமல் மினுங்கிக்கொண்டே இருக்கும். சாந்தாவோலாயா வாசிக்கும்போது உற்றுக் கேளுங்கள். ஸ்வரத்துக்கு முன்னால் நகம் தந்தியைத் தொடும் 'டிக்' கேட்கும், விரல் அடுத்த இடத்துக்கு வழுக்கிப் போகும் கீச்சொலி கேட்கும், சில இடங்களில் மரம் முனகுவதுகூடக் கேட்கும். இதையெல்லாம் துடைத்துச் சுத்தம் செய்யத்தான் ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் சம்பளம் வாங்குகிறார்கள். இவரோ இதையெல்லாம் அப்படியே விட்டுவைப்பார்! மனிதன் வாசிக்கிறான் என்பதற்கு அதுதானே சாட்சி?

இந்த ரொன்ரோகோவிலும் சராங்கோவிலும் தனக்குத் தோன்றியதையெல்லாம் வாசித்து வாசித்துப் பதிந்து வைத்துக்கொண்டே இருந்தார். வெளியிடும் எண்ணமே இல்லை. பதின்மூன்று ஆண்டுகள் இப்படியே போயின! சராங்கோ மேதை ஹைமே தோரெஸ் கேட்டுவிட்டு ஊக்கப்படுத்தியபிறகுதான் 1998-ல் 'ரொன்ரோகோ' என்ற பெயரில் ஆல்பமாக வந்தது. பாட்டு இல்லை, நடனமில்லை, முழுக்கத் தந்தி வாத்தியங்கள். யார் வாங்குவார்கள்?

ஹாலிவுட் இயக்குநர் மைக்கேல் மன் கேட்டார்! அல் பசினோ, ரஸ்ஸல் குரோ நடித்த 'தி இன்சைடர்' படத்தில், 1999-ல், அந்த ஆல்பத்திலிருந்து 'இகுவாசு' என்ற துண்டை எடுத்துப் பயன்படுத்தினார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. அதற்குப்பின் அந்த 'இகுவாசு' எத்தனை படங்களில், எத்தனை தொலைக்காட்சித் தொடர்களில் ஒலித்திருக்கிறது! பெயர் தெரியாமலே அதை நீங்கள் கேட்டிருக்க நிறைய வாய்ப்பிருக்கிறது.

இடையில் ஒரு மூச்சு விட்டுக்கொள்ளுங்கள், ஒரு கிளைக்கதை. சினிமாவுக்கு வருவதற்கு முன்பே இவர் கெர்பெலோடு சேர்ந்து லத்தீன் அமெரிக்காவின் மிகப்பெரிய இசைத் தயாரிப்பாளராகிவிட்டார். மெக்சிகோவின் 'கஃபே தகூபா' குழுவின் 1994-ம் ஆண்டு ஆல்பமான 'ரே' இவர் தயாரித்ததுதான். லத்தீன் ராக் ஆல்பங்களில் தலைசிறந்தது என்று அதை 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை பின்னாளில் முதலிடத்தில் வைத்தது. மொலோதோவ், ஹுலியேத்தா வெனேகாஸ், ஹுவானேஸ் என்று வரிசை நீள்கிறது. 2005 வாக்கில் உலகம் முழுக்க ரேடியோவில் பறந்த 'லா கமிசா நெக்ரா' பாட்டு நினைவிருக்கிறதா? கொலம்பியப் பாடகர் ஹுவானேஸ் பாடியது. அந்த ஆல்பத்தின் தயாரிப்பும் இவர்தான்! ஒரு பக்கம் ஊரே ஆடும் பாட்டு, இன்னொரு பக்கம் ஒற்றைத் தந்தியின் அதிர்வு. ஒரே ஆள்!

படம் எடுக்கும் முன்பே பின்னணி இசை!

மெக்சிகோ இயக்குநர் அலெஹாந்த்ரோ கொன்சாலெஸ் இன்யாரித்துவின் முதல் படம் 'அமோரெஸ் பெர்ரோஸ்', 2000-ல் வந்தது. ஒரு கார் விபத்தில் மூன்று கதைகள் மோதிக்கொள்ளும் படம். அதற்கு இசை சாந்தாவோலாயா. பிறகு '21 கிராம்ஸ்'. 2004-ல் இளம் சே குவேராவின் தென் அமெரிக்கப் பயணத்தைச் சொல்லும் 'தி மோட்டார்சைக்கிள் டைரீஸ்'. உஷுவாயாவிலிருந்து லா கியாக்கா வரை அலைந்தவரைவிட அந்தப் படத்துக்குப் பொருத்தமான ஆள் யார் கிடைப்பார்? அந்தப் பயணத்தின் பெயரையே தாங்கிய அவருடைய இசைத்துண்டு படத்திலும் இடம்பெற்றது. பிரிட்டனின் பாஃப்டா விருது வந்து சேர்ந்தது.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கட்டுரையின் உயிர்.

பொதுவாக ஒரு படத்துக்குப் பின்னணி இசை எப்போது போடுவார்கள்? எடுத்து முடித்து, வெட்டி ஒட்டி, கடைசியில் ரீ-ரெக்கார்டிங். திரையில் படம் ஓட ஓட, இந்த நொடியில் கதவு திறக்கிறது, இந்த நொடியில் அவள் திரும்பிப் பார்க்கிறாள் என்று கணக்குப் பார்த்து இசை கோப்பார்கள். இயக்குநர் ஆங் லீ 2005-ல் 'ப்ரோக்பேக் மவுன்டன்' எடுத்தபோது சாந்தாவோலாயா என்ன செய்தார் தெரியுமா? திரைக்கதையைப் படித்தார், ஆங் லீயோடு பேசினார், போய் இசையமைத்துக் கொடுத்துவிட்டார். கேமரா அப்போது ஒரு சட்டகத்தைக்கூடப் பிடித்திருக்கவில்லை! வயோமிங் மலைப்புல்வெளியில் ஆடு மேய்க்கும் இரண்டு ஆண்களுக்கிடையே அரும்பும் காதல், அதை வெளியில் சொல்லமுடியாத ஊர், இருபது வருட ஏக்கம். இதைக் கதையாகக் கேட்டதும் உள்ளே என்ன தோன்றியதோ அதை ஒரு கிதாரில் வாசித்தார். நடிகர்கள் வந்து நிற்பதற்கு முன்பே அந்த மலைக்கு இசை வந்துவிட்டது!

படத்தில் மொத்த இசையும் கொஞ்சம்தான். கிதார் மூன்று ஸ்வரம் பேசும், நிறுத்திவிடும். அந்த இடைவெளியில் காற்றும் மலையும் தெரியும். பிறகு இன்னும் இரண்டு ஸ்வரம். வாசிக்காமல் விடும் ஸ்வரமும் இசைதான் என்பது இவர் பல காலமாகச் சொல்லிவருவது. அதற்கு இந்தப் படத்தைவிடப் பெரிய நிரூபணம் வேண்டாம்.

2006 மார்ச் 5, ஆஸ்கர் மேடை. போட்டியில் யார் யார் தெரியுமா? 'ஸ்டார் வார்ஸ்' புகழ் ஜான் வில்லியம்ஸ், அதுவும் ஒன்றுக்கு இரண்டு படங்களுக்காக! பெரிய ஆர்கெஸ்ட்ராவைக் கட்டி ஆண்ட மேதை ஒரு பக்கம், நோட்டுப் படிக்கத் தெரியாத கிதார்காரர் மறுபக்கம். விருது கிதார்காரருக்கு!

சரி, ஒருமுறை அதிர்ஷ்டம் என்பீர்கள். அடுத்த வருடம், 2007 பிப்ரவரி 25. படம் இன்யாரித்துவின் 'பேபல்'. மொராக்கோ, மெக்சிகோ, ஜப்பான் என்று முக்கியமாக மூன்று நாடுகளில் நடக்கும் கதை. மூன்றுக்கும் பொதுவாக ஒரு குரல் வேண்டும். இவர் தேர்ந்தெடுத்தது ஊத் என்ற அரபு வாத்தியத்தை. அதை அதற்குமுன் அவர் வாசித்ததே இல்லை! கிதாரில் இருப்பதுபோல விரல் எங்கே வைக்கவேண்டும் என்று காட்டும் கம்பிக்கட்டைகள் ஊத்தில் கிடையாது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் காதால் தேடிப் பிடிக்கவேண்டும். படத்துக்காகவே அதைத் தானாகக் கற்றுக்கொண்டு வாசித்தார். யோசித்துப் பார்த்தால் அற்புதமான தேர்வு. ஊத் அரபு மண்ணின் வாத்தியம். ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள தந்தி வாத்தியங்களுக்கு வழி காட்டியது, ஸ்பெயினிலிருந்து கிதார் கப்பலேறி மெக்சிகோ போனது. அதே ஊத்தை ஒற்றையாகச் சுண்டிவிட்டால் ஜப்பானின் கோட்டோவையும் நினைவூட்டும். மூன்று நாட்டையும் ஒரே வாத்தியம் கட்டிப்போட்டுவிட்டது!

'பேபல்' அந்த வருடம் ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றது. கிடைத்தது ஒன்றே ஒன்று. இசைக்கு! தோற்றவர்களில் பிலிப் கிளாஸ், தாமஸ் நியூமன், அலெக்சாந்த்ர் தெஸ்ப்ளா எல்லோரும் உண்டு. இரண்டு படங்களில் எது உயர்ந்தது என்று கேட்டால் நான் 'ப்ரோக்பேக்' பக்கம்தான் நிற்பேன். ஆனால் ஒரு புது வாத்தியத்தை ஐம்பத்தைந்து வயதை நெருங்கும்போது முதல்முறையாகக் கையில் எடுத்து, அதிலேயே ஆஸ்கர் வாங்கியவரைப் பார்த்து வியக்காமல் இருக்கமுடியவில்லை.

இந்த இசை நம் இந்தியாவுக்கும் வந்திருக்கிறது, தெரியுமா? கிரண் ராவ் இயக்கிய 'தோபி காட்', மும்பையைப் பற்றிய இந்திப் படம். 2011 ஜனவரியில் திரைக்கு வந்தது. ஆட்டம் பாட்டம் கிடையாது, இடைவேளைகூடக் கிடையாது. மும்பை மழைக்கும் சலவைத் துறைக்கும் மொட்டைமாடிகளுக்கும் இசை யார் என்று பெயர்ப்பட்டியலைப் பாருங்கள். குஸ்தாவோ சாந்தாவோலாயா!

கேமுக்குள் நுழைந்த கிழவர்

ஆஸ்கருக்குப் பிறகு வீடியோ கேம் கம்பெனிகள் இவரைத் தேடிவந்தன. முடியாது என்று திருப்பி அனுப்பினார். கேம் பிடிக்காது என்பதல்ல காரணம். தன் மகன் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஆவலோடு பார்ப்பவர்தான், சொந்தமாக விளையாடத்தான் வராது. வெறும் சண்டைக்கு இசை போடமாட்டேன், அதில் இருக்கும் மனிதர்கள் மனதைத் தொடவேண்டும், அப்படி ஒன்று வரட்டும் என்று காத்திருந்தார்.

வந்தது. நாட்டி டாக் நிறுவனத்தின் நீல் ட்ரக்மன், புரூஸ் ஸ்ட்ரேலி இருவரும் ஒரு கதை வைத்திருந்தார்கள். அந்தக் கதை எங்கே பிறந்தது என்பது தனி ஆச்சரியம்! பிபிசியின் 'பிளானட் எர்த்' ஆவணப்படத்தில் கார்டிசெப்ஸ் என்ற பூஞ்சையைக் காட்டினார்கள். அது எறும்பின் உடலுக்குள் புகுந்து அதன் நடத்தையையே மாற்றிவிடும். எறும்பு செடியில் ஏறிக் கவ்விக்கொண்டு செத்துப்போகும், அதன் தலையைப் பிளந்துகொண்டு பூஞ்சை முளைத்து வரும். நிஜம்! இது மனிதனுக்குத் தொற்றினால் என்ன ஆகும்? உலகம் அழிந்து இருபது வருடம் கழித்து, மகளைப் பறிகொடுத்த ஜோயல் என்ற முரட்டு மனிதர், எல்லி என்ற பதினான்கு வயதுச் சிறுமியை அமெரிக்காவின் குறுக்கே நெடுந்தூரம் கூட்டிக்கொண்டு போகவேண்டும். இதுதான் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்'. 2013 ஜூன் 14 அன்று பிளேஸ்டேஷன் 3-ல் வெளியானது. இசையமைப்பாளருக்கு அப்போது வயது 61!

இப்போது கவனியுங்கள். கேமுக்கு இசை போடுவது சினிமாவைவிட எவ்வளவு சிக்கல் தெரியுமா? சினிமாவில் ஒரு காட்சி நாற்பது நொடி என்றால் எல்லோருக்கும் நாற்பது நொடிதான். கேமில் நேரம் விளையாடுபவர் கையில். ஒருவர் அந்த அறையை ஒரு நிமிடத்தில் கடந்துபோவார். இன்னொருவர் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பத்து நிமிடம் நகரமாட்டார். இசை இரண்டு பேருக்கும் பொருந்தவேண்டும். அதனால் இசையைச் சிறுசிறு துண்டுகளாகவும் அடுக்குகளாகவும் செய்துவைப்பார்கள். ஆபத்து நெருங்கினால் ஓர் அடுக்கு சேரும், விலகினால் கழன்றுகொள்ளும். காட்சியின் நொடிக்கணக்குப் பார்த்து இசையமைக்கவே முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு காட்சியே இன்னும் இல்லை!

காட்சி இல்லாமல் கதையை மட்டும் கேட்டு இசையமைப்பது யாருடைய வழக்கம்? 'ப்ரோக்பேக்' காலத்திலேயே இவர் செய்ததுதானே! மற்றவர்கள் புதிதாகக் கற்கவேண்டிய வித்தை இவருக்குப் பழகிய பாதை. கதையைக் கேட்டார், ஜோயலையும் எல்லியையும் மனதில் வைத்துக்கொண்டு வாசித்து அனுப்பினார்.

எப்படி வாசித்தார் தெரியுமா? ரொன்ரோகோ, கிதார், ஆறு தந்தி பேஸ் என்று எடுத்துக்கொண்டு, சிலவற்றின் சுருதியை வழக்கத்துக்கு மாறாகத் தளர்த்திவிட்டார். பிவிசி குழாயைக்கூட வாத்தியமாக்கினார்! ஒலிப்பதிவையும் ஸ்டுடியோவின் மெத்தை வைத்த அறைக்குள் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. குளியலறையில் வாசித்தார், சமையலறையில் வாசித்தார். ஓடு பதித்த சுவரில் மோதித் திரும்பும் ஒலி வேறு, மரக்கதவு விழுங்கும் ஒலி வேறு. ஜோயலும் எல்லியும் நுழைவது கைவிடப்பட்ட வீடுகளுக்குள், உடைந்த ஆஸ்பத்திரிகளுக்குள். நிஜமான அறையின் எதிரொலி அங்கே எவ்வளவு பொருந்தும்! ஊர் ஊராகப் போய், கலைஞர்கள் இருந்த இடத்திலேயே அவர்களைப் பதிந்த அந்தப் பழைய காது இங்கே வேலை செய்வதை நான் கேட்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது, இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம். அந்த கேமில் 'கிளிக்கர்' என்று ஒரு வகை ஆட்கள் வருவார்கள். பூஞ்சை முகத்தையே மூடி முளைத்ததால் கண் தெரியாது. நாக்கைச் சொடுக்குவதுபோல 'டக் டக்' என்று ஒலி எழுப்பி, வௌவால் பாணியில் எதிரொலியை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள். காலடிச் சத்தம் கேட்டால் முடிந்தது கதை! ஆக, விளையாடுபவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு இருக்கவேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் நூறு வயலின்கள் சேர்ந்து அலறினால் என்ன ஆகும்? கேட்கவேண்டியது எதுவும் கேட்காது. மௌனத்தையே இசையாக வைத்துக்கொண்ட ஒருவர், காது கொடுத்துக் கேட்டால்தான் உயிர் பிழைக்கமுடியும் என்ற விளையாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்! இதைவிடப் பொருத்தம் இருக்குமா?

விளையாடியவர்களைக் கேளுங்கள், ஒட்டகச்சிவிங்கி வரும் இடத்தைச் சொல்வார்கள். இடிந்துபோன சால்ட் லேக் நகரத்தில், மிருகக்காட்சிசாலையிலிருந்து தப்பிய ஒட்டகச்சிவிங்கிகள் பச்சை படர்ந்த கட்டடங்களுக்கு நடுவே மேய்ந்துகொண்டிருக்கும். அதுவரை எத்தனையோ கொடுமைகளைப் பார்த்த எல்லி அதைத் தொட்டுப் பார்ப்பாள். அங்கே யாரும் உங்களைத் துரத்தமாட்டார்கள், எந்தப் பொத்தானையும் அழுத்தவேண்டியதில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். மெல்லிய இசை மட்டும் கூடவே வரும். பெரிய சண்டைகளை மறந்தவர்கள்கூட இந்த இடத்தை மறப்பதில்லை!

இரண்டாம் பாகம் 2020 ஜூன் 19-ல் வந்தது. இந்தமுறை பான்ஜோவும் சேர்ந்துகொண்டது. சண்டைக்காட்சிகளின் பதற்றத்துக்கு மேக் குவேல் என்ற இன்னொரு இசையமைப்பாளர் வந்தார், மனதின் பகுதி சாந்தாவோலாயாவிடமே இருந்தது. இதில் எல்லி கையில் ஒரு கிதார் கொடுத்திருக்கிறார்கள். திரையில் காட்டுவதற்கு மட்டுமல்ல, நிஜமாகவே நாம் வாசிக்கலாம்! கன்ட்ரோலரில் ஒரு கையால் எந்த கார்டு என்று தேர்ந்தெடுத்து, மறுகை விரலால் டச்பேடை வருடினால் தந்திகள் அதிரும். கேம் வெளியான சில நாட்களிலேயே உலகெங்கும் உள்ள ரசிகர்கள் சண்டையை ஓரங்கட்டிவிட்டு, தங்களுக்குப் பிடித்த பாட்டையெல்லாம் எல்லியின் கிதாரில் வாசித்து வீடியோவாகப் போடத் தொடங்கிவிட்டார்கள். நோட்டுப் படிக்காமல், காதை மட்டும் நம்பி!

இவ்வளவுக்கும் நடுவில் ஊரையும் அவர் மறக்கவில்லை. டாங்கோ இசையின் பழைய ஜாம்பவான்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்களே என்று பதறி, 'கஃபே தே லோஸ் மாயெஸ்த்ரோஸ்' என்ற பெயரில் அவர்களை ஒன்றுதிரட்டி ஆல்பம் தயாரித்தார். எழுபது, எண்பது வயதைக் கடந்த கலைஞர்கள்! 2006-ல் அவர்கள் புவனஸ் அயர்ஸின் புகழ்பெற்ற கொலோன் அரங்க மேடையில் ஏறினார்கள். கறுப்பினப் பாடகி லாக்ரிமா ரியோஸ் அதில் பாடினார், அந்த வருட இறுதியிலேயே காலமானார். சில மாதம் தாமதித்திருந்தால் அந்தக் குரல் அந்த மேடைக்கு வந்திருக்காது. அதே சமயம் 'பாஹோஃபோந்தோ' என்ற தன் குழுவில் டாங்கோவை எலெக்ட்ரானிக் இசையோடு கலந்து இளைஞர்களை ஆடவைத்துக்கொண்டும் இருந்தார். பிரேசிலில் கோடிக்கணக்கானோர் பார்த்த 'அ ஃபவோரிட்டா' தொலைக்காட்சித் தொடரின் தொடக்க இசையாக 2008-ல் அந்தக் குழுவின் இசைதான் ஒலித்தது!

2023 ஜனவரியில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' எச்பிஓவில் தொடராக வந்தது. கேமைத் தொடராக்கும்போது நடிகர்கள் மாறுவார்கள், காட்சிகள் மாறும், இசையையும் மாற்றிவிடுவது சுலபம். மாற்றவில்லை! பூஞ்சை படர்ந்து விரியும் தொடக்கக் காட்சியில் அதே பழைய ரொன்ரோகோ. கேம் பக்கமே தலைவைத்துப் படுக்காத அம்மா அப்பாக்கள் அன்றுதான் முதல்முறையாக, பத்து வருடம் பிள்ளைகளின் அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த இசை இதுதான் என்று தெரிந்துகொண்டார்கள்.

கடைசியாக ஒன்று, விளையாடியவர்களிலேயே பலர் கவனிக்காமல் விட்டது. இரண்டாம் பாகத்தில், ஜாக்சன் என்ற குடியிருப்பில் எல்லி நடந்துபோகும்போது ஒருவர் உட்கார்ந்து பான்ஜோ வாசித்துக்கொண்டிருப்பார். முகத்தை உற்றுப் பாருங்கள். அது சாந்தாவோலாயாவேதான்! 2025 ஏப்ரலில் தொடரின் இரண்டாம் பருவம் தொடங்கியபோது, முதல் அத்தியாயத்தின் புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் மேடையில் வாசிக்கும் குழுவையும் நிறுத்திப் பாருங்கள். 73 வயதில், இந்தமுறை நேரிலேயே அங்கே இருக்கிறார்!